பொருள்: ‘புரொடக்‌ஷன்’ என்பதற்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

ஓப்பன்ஸ்டாக் (பல சர்வர்களைச் சேர்த்து மேகக் கணினியாக்கும் மென்பொருள்) மதிப்பீட்டுக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு பட்டறை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மாட்டிக்கொண்ட வரி இது: “டெவ்ஸ்டாக் கற்றுக்கொள்ளவும் நிரல் எழுதிச் சோதிக்கவும்தான், அதை உற்பத்திச் சூழலில் நிறுவாதீர்கள்.” டெவ்ஸ்டாக் என்பது ஓப்பன்ஸ்டாக்கைச் சோதனைக்காகச் சட்டென்று நிறுவித் தரும் நிரல்தொகுப்பு. புரொடக்‌ஷன் என்பது ஆட்கள் உண்மையான வேலைக்கு நம்பியிருக்கும் சூழல். வரைவைப் படித்த மாணவி, “ஃபேக்டரியில் மட்டும் போடக்கூடாதா சார்?” என்று கேட்கிறார். வேறு சொல் தாருங்கள்.

*

> உற்பத்திச் சூழலில் நிறுவாதீர்கள்

தம்பி, உற்பத்தி வடசொல். அது போகட்டும், சர்வரில் என்ன விளைகிறது? கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். வெள் என்றால் வெறுமை. அதன்பிறகுதான் தேரோட்டம். கடைசி ஒத்திகை பார்க்கிற ஸ்டேஜிங்குக்கு வெள்ளோட்டம், புரொடக்‌ஷனுக்குத் தேரோட்டம். தேர்வு, தேர்ச்சி, தேறுதல் எல்லாம் ‘தேர்’ என்ற அடியில் பிறந்தவை. ஆக, உங்கள் மதிப்பீடும் இதற்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்.

*

ஐயா, ஆராய்தலைக் குறிக்கும் தேர் வினைச்சொல். வடம் பிடித்து இழுக்கிற தேர் பெயர்ச்சொல். இரண்டையும் ஒரே வேரில் கட்ட ஓசை ஒன்றாயிருந்தால் மட்டும் போதுமா? வெள்ளோட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ரயிலுக்கே செய்தித்தாளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் தேரோட்டம் ஆண்டுக்கு ஒருநாள். சர்வர் 365 நாளும் ஓட வேண்டுமே.

நான் ‘அரங்கேறிய சூழல்’ என்பேன். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில்தான் அரசன் முன் ஆடினாள்.

*

ஏழாண்டா? அக்கா, ஓப்பன்ஸ்டாக்குக்கு ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது.

நான் இதை வைத்துப் பிழைக்கிறவன். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது ‘புரொட்’தான். சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். 2010இல் நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் தொடங்கிய திட்டம் இது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடம் 2013 முதல் புரொடக்‌ஷனில் ஓட்டுகிறது. அதே மென்பொருளை ஒற்றைக் கணினியில் நிறுவினால் விளையாட்டுச் சாமான். அதனால் “மென்பொருள் ரெடியா” என்பது பாதிக் கேள்விதான்.

நாங்கள் மதிப்பிடும்போது மூன்று கன்ட்ரோலர், அதாவது மொத்தத்தையும் மேய்க்கிற சர்வர்கள், வைப்போம். மூன்றிலும் ஒரே தரவை வைத்திருக்கும் கலேரா தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் மின்கம்பியைப் பிடுங்குவோம். மீதி இரண்டும் பெரும்பான்மை என்பதால் வேலை நடக்கும். இன்னொன்றையும் பிடுங்கினால், மிஞ்சியது தரவை ஏற்க மறுத்துவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் நடக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டே கன்ட்ரோலர் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு! ஒன்று விழுந்தால் மற்றது பெரும்பான்மை ஆகாதே. அப்புறம் மேம்படுத்தல். 2023.1 என்ற வெளியீடு தொடங்கி, ஒரு வெளியீட்டை விட்டு அடுத்ததற்கு நேரே தாவ வழி செய்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை போதும். அந்தத் தாவலை உண்மைத் தரவின் நகலில் ஓட்டிப் பார்க்காமல் “சரி” என்று கையெழுத்துப் போடக்கூடாது.

விழுந்தால் யாருக்கோ வேலை நிற்கும் என்றால் அந்த இடம் புரொடக்‌ஷன். ‘புழக்கச் சூழல்’ என்று வையுங்கள்.

*

புழக்கமா? எனக்குப் புழக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

*

ஐயா, புழக்கடை என்பது புழைக்கடையின் மரூஉ. புழை சிறுவாயில். புழங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

*

சம்பந்தமில்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? கிணறும் துவைகல்லும் இருக்கிற இடம். வீட்டில் அதைவிட அதிகம் புழங்குகிற இடம் எது?

*

யாழ்ப்பாணத்தில் அந்த இடத்தைக் கோடி என்போம், ஆகவே எனக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. எனது ஐயம் வேறு. புழக்கத்தில் நல்ல நோட்டும் இருக்கும், கள்ளநோட்டும் இருக்கும். சோதனைச் சூழலையும் ஆட்கள் தினம் புழங்குகிறார்கள்தானே? எனக்கு ‘உற்பத்தி’யே போதும். அந்த மாணவிக்கு ஒருமுறை விளங்கப்படுத்தினால் பிறகு கேட்க மாட்டா.

*

வெள்ளி காலை ஆகிவிட்டது. அச்சகத்திலிருந்து இரண்டுமுறை அழைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் ‘புழக்கச் சூழல்’ பக்கம் சாய்ந்திருப்பதால் அதையே போடுகிறேன். ஸ்டேஜிங்குக்கு ‘வெள்ளோட்டச் சூழல்’, இதை யாரும் மறுக்கவில்லை. அத்தியாயத் தலைப்பு ‘புழக்கத் தகுதி’. முதலில் வரும் இடத்தில் மட்டும் புரொடக்‌ஷன் என்ற சொல்லும் கூடவே இருக்கும்.

*

போடுங்கள், நான் தடுக்கவில்லை. நன்றியுரையில் என் பெயர் மட்டும் வேண்டாம்.

மேம்படுத்தல் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்புகிற ரோல்பேக்குக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? தேரை நிறுத்துகிற முட்டுக்கட்டை இருக்கிறதே.

*

ஐயா, முட்டுக்கட்டை தேரை நிறுத்தும். பழைய இடத்துக்குக் கொண்டுபோகாது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், திங்கட்கிழமை வருகிறேன்.