பார்மன் ஐந்தாம் கூற்று: முதல் மறுப்பு எங்கே போனது?

பெரேயா பட்டணத்தான்
இரண்டு நாளாக ஒரு பதிவு எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. "1934இல் ஹிட்லர் காலத்தில் ஜெர்மன் சபை பார்மனில் கூடி, சபைக்கு அரசியல் வேண்டாம், கிருபையைப் பிரசங்கித்தால் போதும் என்று அறிக்கையிட்டது, நாமும் அப்படியே இருப்போம்" என்கிறது. 'கிருபை போதும்' ஐயா அதை இங்கேயும் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். பார்மன் அறிக்கை, சபையை நாஜிக் கொள்கைக்கு வளைக்க முயன்றவர்களை எதிர்த்து ஜெர்மன் புராட்டஸ்டண்டு சபையினர் வெளியிட்டது. அதைத் திறந்து பார்த்தவர் எவரும் இப்படி எழுதமாட்டார்.

மொத்தம் ஆறு கூற்று. ஒவ்வொன்றிலும் மூன்று பாகம்: முதலில் வேதவசனம், அடுத்து நாம் விசுவாசிப்பது, கடைசியில் "இந்தத் தவறான போதகத்தைத் தள்ளுகிறோம்" என்ற மறுப்பு. ஐந்தாம் கூற்றுக்கு மட்டும் இரண்டு மறுப்பு உண்டு. அரசு தன் வேலையைத் தாண்டி மனித வாழ்வு முழுவதற்கும் ஒரே ஒழுங்காகி, சபையின் அழைப்பையும் தானே நிறைவேற்றலாம் என்பது பொய், இது முதலாவது. சபை தன் வேலையைத் தாண்டி அரசின் தன்மையையும் பணியையும் மேன்மையையும் எடுத்துக்கொண்டு அரசின் உறுப்பாகலாம் என்பதும் பொய், இது இரண்டாவது. உங்கள் பதிவில் இரண்டாவது மட்டும் இருக்கிறது. முதல் மறுப்பை யார் வெட்டினார்கள்?

கிருபை போதும்
பிரதர், வெட்டுகிற வேலை எனக்கில்லை. ஆறாம் கூற்றைப் படியுங்கள். சபையின் சுதந்திரம் எதன்மேல் நிற்கிறது? தேவனுடைய இலவசமான கிருபையின் செய்தியைச் சகல ஜனத்துக்கும் அறிவிப்பதில். அதற்குக் கொடுத்த வசனம் 2 தீமோத்தேயு 2:9, "தேவவசனமோ கட்டப்பட்டிருக்கவில்லை." இதில் கட்சி எங்கே, போராட்டம் எங்கே?

சபைக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார்? ஹிட்லருக்கு ஆதரவான 'ஜெர்மன் கிறிஸ்தவர்' இயக்கம். 1933 ஜூலை 23 சபைத் தேர்தல். முந்தின நாள் இரவு ஹிட்லரே வானொலியில் அவர்களுக்காகப் பேசினார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடம் அவர்களுக்குப் போனது. நவம்பர் 13 அன்று பெர்லின் விளையாட்டரங்கில் அவர்களின் தலைவர்களில் ஒருவரான கிராவுசே எழுந்து பழைய ஏற்பாட்டையே தள்ளச் சொன்னார். அரசியலை ஆலயத்துக்குள் விட்டால் வேதம் வெளியே போகும். நான் சொல்வது அவ்வளவுதான்.

பெரேயா பட்டணத்தான்
ஆறாம் கூற்றை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது ஐந்தாம் கூற்று. முதல் மறுப்பு எங்கே?

நெகேமியா 4:17
இரண்டு பேரும் மறுப்பை எண்ணிக்கொண்டே இருங்கள். ஆறு கூற்றிலும் 'யூதர்' என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை, அதை ஏன் யாரும் எண்ணவில்லை? 1933 செப்டம்பரிலேயே பழைய பிரஷ்ய சபையின் சினோடு (சபைப் பேரவை) ஆரிய விதியை ஏற்று, யூத வம்சத்துப் போதகர்களுக்கு ஊழியமில்லை என்றது. ஞானஸ்நானம் பெற்று, அபிஷேகம் பெற்று, பீடத்தில் நின்றவனை இரத்தம் பார்த்து இறக்குவது கிருபைக்கு விரோதமா இல்லையா? "கிருபையை மட்டும் பேசுவோம்" என்றவர்கள் அதைப் பேசினார்களா? ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர் பார்மனை எழுதும்போது இதைச் சேர்த்திருக்க வேண்டும். சீர்திருத்த சபை இறையியலாளர் கார்ல் பார்த்தே 1967இல், போன்ஹோஃபரின் வரலாற்றை எழுதிய பெத்கேவுக்கு அனுப்பிய கடிதத்தில், இதைத் தீர்மானமான விஷயமாக்காதது தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டார்.

பெரேயா பட்டணத்தான்
போன்ஹோஃபர் பார்மனை எழுதவில்லை. அவர் அப்போது லண்டனில் ஜெர்மன் சபைப் போதகர். பார்மனுக்கு வரவே இல்லை. எழுதியது கார்ல் பார்த். 1934 மே நடுவில் பிராங்பர்ட்டில் ஒரு ஹோட்டல்; குழுவில் மூன்று பேர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லூத்தரன்காரர்களான ஆஸ்முசனும் பிரைட்டும் தூங்கப் போனார்கள். பார்த் கெட்டிக் காப்பியையும் ஒன்றிரண்டு பிரேசில் சுருட்டையும் வைத்துக்கொண்டு எழுதி முடித்தார். "லூத்தரன் சபை தூங்கியது, சீர்திருத்த சபை விழித்திருந்தது" என்று பிற்பாடு அவரே சொன்னார். மே 29 முதல் 31 வரை நடந்த சினோடில் 139 பிரதிநிதிகள் அதை ஏற்றார்கள்.

நெகேமியா 4:17
பெயரைத் திருத்தியதற்கு நன்றி. யூதர் என்ற சொல் எங்கே என்ற கேள்விக்குப் பதில்? திருத்துவதற்கு மட்டும்தான் உங்களுக்குக் கை வருகிறது. முன்பு இங்கே நடந்த ரோமர் 13 விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

தரங்கைக் கரையோரம்
பார்த் மதியத் தூக்கத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை வைத்து ஒரு சபையையே தூங்குமூஞ்சி ஆக்குவதை இத்தோடு நிறுத்துங்கள். நாஜிக் கட்சித் திட்டத்தின் 24ஆம் பிரிவு, "ஜெர்மானிய இனத்தின் ஒழுக்க உணர்வுக்கு முரணாகாத வரையில்" மதச் சுதந்திரம் என்றது. இதை வைத்துக்கொண்டு சபை இவர்களோடு பேசவே முடியாது என்று 1932இலேயே அச்சில் எழுதியவர் ஹெர்மன் சாஸே. அவர் லூத்தரன். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். யார் முதலில் விழித்தார்கள்?

பெரேயா பட்டணத்தான்
அதே சாஸே பார்மனில் வாக்கெடுப்புக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். அதையும் எழுதுங்கள், ஐயா. பார்மன் முடிந்து 11 நாளில், ஜூன் 11 அன்று, அன்ஸ்பாக்கிலிருந்து ஒரு மறுப்பறிக்கை வந்தது. கையெழுத்திட்டவர்களில் எலர்ட், ஆல்தௌஸ் இருவரும் லூத்தரன் பேராசிரியர்கள். தேவனுடைய பிரமாணம் நம்மைக் குடும்பம், ஜனம், இரத்த உறவு என்ற ஒழுங்குகளோடு கட்டுகிறது என்றும், இப்படி ஒரு தலைவரைத் தந்ததற்குத் தேவனுக்கு நன்றி என்றும் எழுதினார்கள். தேவன் சபையை வசனத்தாலும் அரசை வாளாலும் ஆள்கிறார் என்ற லூத்தரின் இரண்டு ராஜ்யப் போதகத்தைப் பாதி பிடித்தால் வருகிற விபரீதம் இதுதான். முதல் மறுப்பு இல்லாத இரண்டாம் மறுப்பு நேரே அன்ஸ்பாக்குக்குக் கொண்டுபோய் விடும்.

தரங்கைக் கரையோரம்
சாஸே போனதற்குக் காரணம், லூத்தரனும் சீர்திருத்தக்காரரும் ஒரே சினோடாக உபதேசம் வரையறுக்க முடியாது என்பது. ஹிட்லருக்குப் பயந்து அல்ல. வாக்கெடுப்பின் ஒருமனம் கெடக்கூடாது என்றுதான் சத்தமில்லாமல் வெளியேறினார். உங்கள் ஐந்தாம் கூற்றின் இரண்டு மறுப்பும் யாருடைய சொத்து? வாள் ஒரு கையில், வசனம் ஒரு கையில், இரண்டையும் கலக்காதே என்று லூத்தர் சொன்னதுதானே? அன்ஸ்பாக்குக்கு லூத்தரைப் பிணையாக்காதீர்கள்.

கிருபை போதும்
லூத்தரன் ஐயா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். கலக்காதே. "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல."

தரங்கைக் கரையோரம்
நீங்கள் சொல்வதை நான் சொல்லவில்லை. நடுவே என்னை இழுக்கவேண்டாம்.

அருள்மொழி
ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாரும் 'கிருபை கிருபை' என்கிறீர்கள். எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் அதே சொல்லுக்கு 'அருள்'. பெரிய இடத்து ஆள் கீழே இருப்பவனுக்குக் காட்டும் தயவு என்ற வாசனை கிருபையில் அடிக்கிறது. அதனால்தான் அது ஆட்சியாளருக்கு முன்னால் அவ்வளவு சீக்கிரம் தலைகுனிகிறதோ என்னவோ.

கிருபை போதும்
சிஸ்டர், 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்று தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த ஜனம் நாங்கள். சொல்லைக் குறை சொல்லவேண்டாம். தலைகுனிந்தது யார் என்று பேசுவதானால் 1933 ஜூலை 20ஐப் பேசுவோம். வத்திக்கான் ஹிட்லர் அரசோடு ஒப்பந்தம் போட்ட நாள். அதன் 32ஆம் பிரிவு, குருக்கள் கட்சிகளில் சேரவோ கட்சி வேலை செய்யவோ கூடாது என்றது.

அருள்மொழி
அந்த ஒப்பந்தத்தை அரசு மீறியபோது, 1937 மார்ச் 21, குருத்து ஞாயிறு, ஜெர்மனி முழுக்கக் கத்தோலிக்க ஆலயங்களில் திருத்தந்தையின் மடல் வாசிக்கப்பட்டதே, அதையும் சேர்த்துப் பேசுங்கள். இரகசியமாக அச்சிட்டு, கைக்குக் கை கொண்டுபோய், ஒரே நாளில் வாசித்தோம். அது அருளா அரசியலா?

நெகேமியா 4:17
அக்கா கேட்டது சரியான கேள்வி. 32ஆம் பிரிவைப் பெருமையாக எடுத்துக்காட்டுகிறாரே, போதகர் வாயை மூடவேண்டும் என்று ஹிட்லரும் கேட்டான், இவரும் கேட்கிறார்.

கிருபை போதும்
இது அபாண்டம். வாயை மூடச் சொல்லவில்லை, சுவிசேஷத்துக்குத் திறக்கச் சொன்னேன். நாஜிகளை எதிர்த்த போதகர் என்று நீங்கள் கொண்டாடும் நீமோலர் 1924இலும் 1933இலும் நாஜிக் கட்சிக்கு வாக்களித்தவர். அரசியல் ஆசை போதகனை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு அவரே சாட்சி.

நெகேமியா 4:17
1937 ஜூலையில் கைதாகி 1945 வரை சிறையிலும் சாக்சன்ஹாவுசன், தகாவ் முகாம்களிலும் கிடந்ததை ஏன் விட்டீர்கள்? திருந்தினவனின் பழைய வாக்குச்சீட்டைத் தோண்டி எடுப்பதுதான் உங்கள் கிருபையா?

பெரேயா பட்டணத்தான்
எல்லாரும் எங்கெங்கோ போய்விட்டீர்கள். நடைமுறைக்கு வருகிறேன்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு. 1 தீமோத்தேயு 2:1-2இன்படி அதிகாரத்திலுள்ள எல்லாருக்காகவும் ஜெபியுங்கள். பதவியைச் சொல்லுங்கள், கட்சியையும் வேட்பாளரையும் சொல்லாதீர்கள். அறிவிப்பு நேரத்தில் வேட்பாளருக்கு ஒலிபெருக்கி தரக்கூடாது. வழிபாட்டிடம் பிரசார மேடையாகக்கூடாது என்று தேர்தல் நடத்தை விதியும் சொல்கிறது. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)இன்படி ஊழல் செயல். பெரும்பாலும் தவறு நடப்பது பிரசங்கத்தில் அல்ல, சபை விருந்தாகிய அசனப் பண்டிகையில். 'வாழ்த்துரை' என்று ஒருவரை ஏற்றுவார்கள், சால்வை போடுவார்கள், அவர் மண்டபத்துக்கு மின்விசிறி தருவதாகச் சொல்வார். அடுத்த ஐந்து வருஷம் அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவரை யாரும் கண்டிக்க முடியாது. சபை அரசின் உறுப்பாவது இப்படித்தான். இது இரண்டாம் மறுப்பு.

அதே ஞாயிறு ஆலய வேதபாட அட்டவணையில் ஆமோஸ் 5 வந்தால் அதைத் தள்ளிவைத்துச் சங்கீதம் 23க்கு ஓடக்கூடாது. "நியாயம் தண்ணீரைப்போலவும்" என்ற வசனத்தை வாசித்து விளக்கவேண்டும். ஐந்தாம் கூற்றின் நடுப்பாகத்தில், சபை தேவனுடைய ராஜ்யத்தையும் கட்டளையையும் நீதியையும் நினைவூட்டுகிறது, அதன்மூலம் ஆள்வோர், ஆளப்படுவோர் இருவரின் பொறுப்பையும் நினைவூட்டுகிறது என்று இருக்கிறது. நினைவூட்டுவது அரசாள்வதல்ல. ஆனால் நினைவூட்டாத சபை முதல் மறுப்பை விழுங்கிவிட்டது.

கிருபை போதும்
ஒலிபெருக்கி தராதே, சால்வை போடாதே, மின்விசிறி வாங்காதே. இதைத்தானே முதல் நாளிலிருந்து சொல்கிறேன்! பிறகு எதற்கு இத்தனை நீளம்?

பெரேயா பட்டணத்தான்
பாதியைச் சொன்னீர்கள். ஆமோஸ் 5ஐச் சொல்லவில்லை.

நெகேமியா 4:17
இவரும் பாதிதான் சொல்கிறார். 1936இல், பார்மனை ஏற்றவர்களின் 'அறிக்கையிடும் சபை' ஹிட்லருக்கே ஒரு மனு கொடுத்தது. யூதரை வெறுப்பது கடமை என்று திணித்தால், பிறனிடத்தில் அன்புகூரு என்ற கட்டளை எதிரே நிற்கிறது என்று அதில் எழுதினார்கள். அது வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. அதற்காகக் கைதான பிரீட்ரிக் வைஸ்லர் 1937 பிப்ரவரியில் சாக்சன்ஹாவுசனில் அடித்துக் கொல்லப்பட்டார். சபையின் சட்ட ஆலோசகர், யூத வம்சம், ஞானஸ்நானம் பெற்றவர். அவரோடு பிடிபட்ட மற்ற இருவர் பிழைத்தார்கள். பொதுவாக நினைவூட்டினால் ஒருவனும் சாகமாட்டான், பெயர் சொல்லி நினைவூட்டவேண்டும்.

பெரேயா பட்டணத்தான்
வைஸ்லரை நான் மறுக்கவே இல்லை. அவர் செய்ததே முதல் மறுப்புதான்.

தரங்கைக் கரையோரம்
எல்லாமே இவருக்கு முதல் மறுப்பு. சாஸேயைப் பற்றிச் சொன்னதைத் திருத்தினாரா? இல்லை. 'தூங்கினார்கள்' என்ற வரி அப்படியே நிற்கிறது. அதை நீக்கும்வரை இந்த இழையில் என் பதில் இதே.

பெரேயா பட்டணத்தான்
அது பார்த்தின் வரி. நான் ஏன் நீக்கவேண்டும்?

கிருபை போதும்
"இயேசுகிறிஸ்துவை, சிலுவையில் அறையப்பட்ட அவரையேயன்றி, வேறொன்றையும் உங்களுக்குள்ளே அறியாதிருக்கத் தீர்மானித்திருந்தேன்." என் பதிவு அப்படியே இருக்கும். நீக்கமாட்டேன்.

பெரேயா பட்டணத்தான்
நீக்கவேண்டாம். முதல் மறுப்பைச் சேருங்கள். மூன்றாம் தடவை கேட்கிறேன்.

அருள்மொழி
நான் கேட்டதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அருளா, அரசியலா?