நீங்கள் போடாத ஃபில்டர் (வரும் கடிதத்தைத் தானாக ஒதுக்கவோ அழிக்கவோ வேறு முகவரிக்கு அனுப்பவோ சொல்லும் கட்டளை) உங்கள் மின்னஞ்சலில் இருந்ததுண்டா?

வில்லாபுரம் அப்பளம்:
பினாங்கு வாடிக்கையாளர் முன்பணத்தை அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். எங்கள் கணக்குக்கு ஒரு ரூபாய் வரவில்லை. "புதிய வங்கிக் கணக்கு எண்ணை நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று கேட்டார். எழுதியது நாங்கள் இல்லை, ஆனால் எங்கள் முகவரியிலிருந்துதான் போயிருக்கிறது. அன்றே பாஸ்வேர்டை மாற்றினோம். அதற்குப் பிறகும் அவர் அனுப்பும் பதில் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கணக்கு பார்க்கும் மைத்துனர் மகள்தான் செட்டிங்ஸுக்குள் போய் ஒரே ஒரு வரியைக் காட்டினாள். "பேமென்ட், இன்வாய்ஸ், பேங்க் என்ற சொல் இருந்தால் இன்பாக்ஸுக்கு வராதே, படித்ததாகக் குறி, இந்த முகவரிக்கு அனுப்பிவிடு." அந்த முகவரி எங்கள் நிறுவனப் பெயரேதான், நடுவில் ஓர் எழுத்து மட்டும் இரட்டித்திருந்தது. பாஸ்வேர்டு மாறினாலும் ஃபில்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும் என்று அந்த வேலை தெரிந்த யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. போன பணம் போனதுதான். அவள் அந்த வரியை வாசித்த குரல் மட்டும் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

திருநகர் ராஜி:
எங்கள் வீட்டில் திருடன் யாரும் வரவில்லை, எல்லாம் தானாகவே நடந்தது. அக்கா மகனுக்குப் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வு அழைப்பு ஸ்பாமில், அதாவது வேண்டாத கடிதங்களுக்கான பெட்டியில், போய் விழுந்திருக்கிறது. "ஏன் வரவில்லை?" என்று அவர்களே தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தேடினோம். அதற்குள் 30 நாள் கெடு முடிந்து எல்லாம் அழிந்திருந்தது. வெறும் திரை. அதன் நடுவில் "ஆகா, இங்கே ஸ்பாம் எதுவும் இல்லை!" என்று குதூகலமாக ஒரு வரி. பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். அந்த 'ஆகா'வை எழுதியவரை ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும்.

ஒத்தக்கடை குமாஸ்தா:
ராஜி அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. வேலைக்கு விண்ணப்பித்தவன் ஸ்பாமையும் தினம் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டாமா? இதில் இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? இயந்திரம் சொன்னதைச் செய்கிறது. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் செய்தது. ஆடித் தள்ளுபடி விளம்பரத் தொல்லை தாங்காமல் ஜூனியர் ஒருவர் 'ஆஃபர்' என்ற சொல் உள்ள கடிதங்களை எல்லாம் அழித்துவிடும்படி ஃபில்டர் போட்டுவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சமரசத்துக்கு அனுப்பிய கடிதத்தின் தலைப்பு 'செட்டில்மென்ட் ஆஃபர்'. நீதிமன்றத்தில் அவர் எழுந்து, "எழுதினோம், பதில் சொல்லக்கூட மனமில்லை" என்கிறார். எங்கள் சீனியர் கட்டைப் புரட்டுகிறார், புரட்டுகிறார், ஒன்றும் கிடைக்கவில்லை. நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சீனியரை அல்ல, என்னை.

பழங்காநத்தம் பென்ஷனர்:
என் கதை சிறியது: ஓய்வூதியக் கடிதம் ஒன்று 'சலுகைகள்' பெட்டியில் கிடந்தது, எடுத்துவிட்டேன். ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சில சொல்ல வேண்டும்.

குமாஸ்தா தம்பி, ஒற்றைச் சொல்லை நம்பி 'அழி' என்று கட்டளை போடுவதே தவறு. லேபிள் ஒட்டி இன்பாக்ஸுக்கு வெளியே வைத்தால் போதும். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். ஜிமெயிலில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ஃபில்டர் போடும் முன் அதே நிபந்தனையைத் தேடல் கட்டத்தில் கொடுத்துப் பாருங்கள், எதெல்லாம் சிக்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். 'ஆஃபர்' என்று தேடியிருந்தால் உங்கள் பழைய வழக்குக் கடிதங்களும் வரிசையாக வந்து நின்றிருக்கும். சொல்லைவிட அனுப்புநர் முகவரியை வைத்துப் பிடிப்பதே பத்திரம். இதையெல்லாம் கைப்பேசிச் செயலியில் தேடாதீர்கள், ஜிமெயில் ஃபில்டரைக் கணினி உலாவியில்தான் போட முடியும்.

ராஜி அம்மாவின் பிள்ளைக்கு: விண்ணப்பித்த நிறுவனத்தின் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு 'ஸ்பாமுக்கு ஒருபோதும் அனுப்பாதே' என்பதை டிக் செய்துவிட வேண்டும். குமாஸ்தா தம்பி சொன்ன விளம்பரத் தொல்லைக்கு: தெரிந்த கடை அனுப்புவதாக இருந்தால், இனி அனுப்ப வேண்டாம் என்று விலகும் 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பே போதும். நாளுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024-இல் விதியே வந்துவிட்டது. முகம் தெரியாத மோசடிக் கடிதத்தில் மட்டும் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகும்.

அப்பளக்காரருக்கு: ஃபில்டரை அழித்தால் மட்டும் போதாது. பக்கத்திலேயே 'ஃபார்வர்டிங்' என்ற பகுதி தனியாக இருக்கிறது, அங்கேயும் அந்த முகவரி உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டோடு இன்னொரு முறையும் உறுதிசெய்யக் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள். இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அன்றே அழைத்தீர்களா?

திருநகர் ராஜி:
ஐயா, பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, ஆலோசனைக்கு நன்றி. குமாஸ்தா அவர்களே, தினமும் எட்டிப் பார்க்கச் சொல்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் குப்பைத்தொட்டியை யார் எட்டிப் பார்த்தார்கள்?

வில்லாபுரம் அப்பளம்:
அழைத்தோம் ஐயா. ஆனால் எங்களுக்குத் தெரிவதற்குள் பணம் கைமாறிப் பல நாளாகிவிட்டது. ஃபார்வர்டிங் பகுதியை நீங்கள் சொன்ன பிறகுதான் திறந்தோம். அங்கேயும் இருந்தது, அதே இரட்டை எழுத்தோடு.

மேலூர் மருமகன்:
இதையெல்லாம் படித்துவிட்டு இப்போதுதான் எங்கள் ரைஸ்மில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். ஒரு ஃபில்டர் இருக்கிறது. வங்கியிலிருந்து எது வந்தாலும் ஒரு நகல் மாமனாருக்குப் போகிறது. மில் பொறுப்பு முழுவதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டதாக ஊரறியச் சொன்ன மனிதர். அழித்தால் நாளை காலையே அவருக்குத் தெரிந்துவிடும். அழிக்கலாமா, விட்டுவிடலாமா? பென்ஷனர் ஐயா, சுருக்கமாகச் சொல்லுங்கள்.