பழையதை எடுத்தாண்டபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

சென்னிமலை, போர்வை வரைவாளர்:

பேரூர்க் கோயிலின் கனகசபை விதானத்தில் தொங்கும் கற்சங்கிலியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் போர்வைக் கரைக்காகக் கட்டத்தாளில் வரைந்தேன். வெறும் சங்கிலி அலுப்பாகத் தோன்றியதால், அந்த ஊரின் பிறவாப்புளியை (கொட்டை முளைக்காது என்று சொல்லப்படும் புளியமரம்) நினைத்துக்கொண்டு, ஐந்தாவது வளையம்தோறும் ஒரு புளியங்கொட்டையை வைத்தேன். அந்த வடிவத்துக்கு அட்டையில் துளை குத்தித் தறியில் ஏற்றினோம், சரக்கும் போனது. பிறகு ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் ஒரு கடையில், விசைத்தறியில் ஓட்டிய போர்வை ஒன்றை என் முன்னாலேயே விரித்தார்கள். நிறம் மட்டும் மாறியிருந்தது. கேட்டதற்கு, "ஏனுங்க, கல் சங்கிலி கோயிலுதுங்க, உங்களுதுங்களா?" என்றார் கடைக்காரர், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சங்கிலி என்னுடையதன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரலை வைத்து எண்ணினால் ஐந்தாவது வளையத்தில் புளியங்கொட்டை, பத்தாவதிலும் புளியங்கொட்டை. பேரூரில் எந்தக் கல்லில் அது இருக்கிறது என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

திருமுருகன்பூண்டி, சிற்பி:

வரைவாளர் ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தொழிலில் கரு முழுவதும் பழையதுதான். உத்தம தசதாலம் என்ற சிற்ப அளவுமுறையில் திருமேனியின் உயரம் 124 அங்குலப் பகுப்பு, அதாவது 124 சம பங்கு. அதில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. என் ஆசான் செய்த சிவன் சிலையும், அதே அளவில் அதே கல்லில் நான் செய்ததும் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. திருப்பணிக்காக வந்த பெரியவர், யார் எதைச் செய்தார் என்று அறியாமலே, நேராக ஆசானின் சிலையருகே போய்ச் செருப்பைக் கழற்றினார். என்னுடையதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அளவை எடுத்துக்கொள்ளலாம், ஆசான் செதுக்கிய அந்தக் கீழுதட்டை எப்படி எடுப்பது? ஆகவே கரையைக் களவாடியவரிடம் உங்கள் கை போய்விடாது, ஐயா.

பெருந்துறை, தமிழாசிரியர்:

சிற்பி அண்ணன் சொல்வது கல்லுக்குப் பொருந்தும். விசைத்தறியில் நாளெல்லாம் ஓடும் துணிக்கு அது எப்படிப் பொருந்தும்? வாங்குபவர் கீழுதட்டைப் பார்ப்பதில்லை, விலையைத்தான் பார்க்கிறார். என் மாணவி ஒருத்தி பழைய கும்மி மெட்டில் நொய்யல் ஆற்றின் சாயக்கழிவைப் பற்றிப் பாட்டெழுதினாள். 'சொந்தப் படைப்பு அன்று' என்று போட்டியில் ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் சீனாபுரத்தவர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர், முன்னோர் முடிபோடு ஒத்துப்போய், பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்ப்பதை வழிநூல் என்று நன்னூலில் ஏற்றுக்கொண்டாரே! அந்த மாணவி அதன்பின் எழுதவில்லை.

வரைவாளர் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் கரையைப் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு உண்டு. சரக்கு சந்தைக்குப் போகுமுன் விண்ணப்பிக்க வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே வெளிவந்த வடிவத்தைப் புதியது என்று ஏற்கமாட்டார்கள். பதிப்புரிமை காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் படியெடுத்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். பவானி ஜமக்காளத்துக்கு இருக்கும் புவிசார் குறியீடு அந்தப் பெயரைக் காக்குமே தவிர, தனியொருவர் வரைந்த கரையைக் காக்காது. விண்ணப்பத்தில் சங்கிலியை உங்களுடையது என்று கோராதீர்கள். புளியங்கொட்டை வரும் அடுக்கை மட்டும் தெளிவாக வரைந்து காட்டுங்கள். இந்தக் கரைக்குக் காலம் கடந்துவிட்டது. அடுத்த கரையைக் கட்டத்தாளோடு முதலில் பதிவுக்கு அனுப்புங்கள்.