இடுப்புக்கு இழுவை வைத்தவர்கள் வாருங்கள்

முக்கூடல் மருமகள்:
அத்தைக்கு எல்4-எல்5 ஜவ்வு விலகல், அதாவது இடுப்புப் பக்கத்து நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருந்தது. டாக்டர் இழுவை (டிராக்‌ஷன்) வைக்கச் சொன்னார். பீடி சுற்றியே தேய்ந்த இடுப்பு, கேட்க வேண்டுமா? மேசையில் படுக்க வைத்து, மார்பிலும் இடுப்பிலும் வார் கட்டினார்கள். இழுக்கும்போது சுகமாக இருப்பதாகத்தான் சொன்னார். விடும்போதுதான் வினை. பிசியோ பையன் ஃபோனில் பேசிக்கொண்டே இழுவையைச் சட்டென்று தளர்த்திவிட்டான். அத்தை போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தான் அவர் கையிலேயே இருந்தது. அது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே கத்தினார்.

பேட்டை லோடு வண்டி:
தங்கச்சி, குறை மேசையில் இல்லை, ஆளிடம். என் எடையில் கால் பங்கில் தொடங்கி மெல்லத்தான் ஏற்றினார்கள், இறக்கும்போதும் அப்படியே. நரம்பு சரியாக இருக்கிறதா என்று கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்காமல் ஒருநாளும் வார் கட்டியதில்லை. கெண்டைக்கால் வரை சுண்டிய வலி அடங்கிவிட்டது.

கல்லிடை வாத்தியார்:
இழுவையால்தான் அடங்கியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், அண்ணாச்சி? ஜவ்வு விலகல் வலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2013-இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் முதுகுவலிக்கு இழுவையால் பெரிய பயனில்லை என்றே முடித்தது. உடம்பின் எடையே முதுகை இழுக்கட்டும் என்று என் தம்பி தலைகீழாகத் தொங்கும் பலகை வாங்கினான். இறங்கியபோது ஒரு கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தச் சிவப்பு. என் கதை இவ்வளவுதான். ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், முதுகெலும்பில் முறிவோ கட்டியோ காசநோயோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்கள் இழுவைக்குப் படுக்கவே கூடாது. முதுகில் ஸ்க்ரூ இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரைக் கேட்காமல் கூடாது. ரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்தமோ இருந்தால் தலைகீழாகத் தொங்குவதை மறந்துவிட வேண்டும். மருமகளே, அத்தைக்கு எலும்பு அடர்த்தி பார்த்தீர்களா?

முக்கூடல் மருமகள்:
பார்த்துவிட்டுத்தான் படுக்க வைத்தோம், சார். நான் எழுதியது பொத்தானைப் பற்றி.

அம்பைக்காரன்:
என் அத்தான் சாயங்காலம் இழுவை வைத்துவிட்டு வந்தார். இரவு முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் இறங்கவில்லை. சூடு என்று நினைத்து அக்கா இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில், "உட்கார்ந்தால் தரை தெரியவில்லை, தலையணை மேல் இருப்பது போல இருக்கிறது" என்றார். தொடை இடுக்கெல்லாம் மரத்திருந்தது. விடிவதற்குள் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். எம்ஆர்ஐ எடுத்த கையோடு அறுவைச் சிகிச்சை. முதுகின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றையை ஜவ்வு நசுக்கியிருந்தது. மணிக்கணக்கில் தாமதித்தால் கால், சிறுநீர், மலம் எல்லாமே கையை விட்டுப் போகும் என்றார் டாக்டர். இழுவையால் வந்ததா, எப்படியும் வரவிருந்ததா என்று கேட்டோம். அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அத்தான் இப்போது நடக்கிறார், சிறுநீர்க் குழாயையும் எடுத்தாயிற்று. இழுவை வைத்த இடத்திலிருந்து, மீதி நாளுக்குக் கட்டிய பணம் வீணாகிறது, வாருங்கள் என்று இன்னும் ஃபோன் வருகிறது.