சோனி ஏ7 III: ஐஎஸ்ஓ 400-ஐ விட 640-இல் நிழல் சுத்தமாக வருகிறதே, ஏன்?

கேள்வி:
போன வாரம் ஒரு கல்யாணம் எடுத்தேன். பெண் வீட்டார் ஃபிளாஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மண்டப வெளிச்சத்திலேயே, மேனுவலில், எஃப்2.8, 1/125. ஐஎஸ்ஓ-வை (சென்சார் சிக்னலைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு) மட்டும் மாற்றியதில் 400-லும் 640-லும் ஒரே காட்சி கிடைத்தது. இரண்டையும் லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவந்து நிழலைத் தூக்கினால் (இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால்), மாப்பிள்ளைக்குப் பின்னால் தொங்கிய மரூன் திரையில் 400-இல் புள்ளி புள்ளியாக நாய்ஸ், 640-இல் மடிப்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஐஎஸ்ஓ ஏறினால் டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் பிடிபடும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளி) குறையும் என்றுதானே படித்தோம்? கேமராவில் கோளாறா?

பதில் 1:
கோளாறு இல்லை, இந்த சென்சாரே அப்படித்தான். ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு கெயின் (எலக்ட்ரானை வோல்டேஜாக மாற்றும் அளவு) உண்டு. 640-க்குக் கீழே பிக்சல் நிறைய எலக்ட்ரானைத் தாங்கும், ஆனால் ஒரு எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் கம்மி, அதனால் மெல்லிய நிழலை ரீட் நாய்ஸ் (சிக்னலைப் படிக்கும்போது சேரும் நாய்ஸ்) அமுக்கிவிடும். 640-இல் அடுத்த கெயினுக்கு மாறியதும் வோல்டேஜ் கூடி, அந்த நாய்ஸ் சட்டென்று இறங்குகிறது. பில் கிளாஃபின் ஃபோட்டான்ஸ் டு ஃபோட்டோஸ் தளத்தில் ஏ7 III-இன் டைனமிக் ரேஞ்ச் வரைபடத்தைப் பாருங்கள், 100-இலிருந்து சரிந்துகொண்டே வரும் கோடு 640-இல் ஒரு படி ஏறி, அப்புறம் மறுபடி சரியும்.

பதில் 2:
ஷட்டரையும் அப்பர்ச்சரையும் மாற்றாமல் ஒப்பிட்டீர்களே, அதுதான் சரியான முறை. பலர் கேமரா மீட்டரை நம்பி ஐஎஸ்ஓ ஏற ஏற ஷட்டரையும் வேகமாக்கி, வெளிச்சம் குறைந்ததால் வந்த நாய்ஸை ஐஎஸ்ஓ தலையில் கட்டுகிறார்கள். ஒரு விஷயம் மறக்காதீர்கள், 400-இலிருந்து 640 போனால் ஹைலைட்டில் (மிகப் பிரகாசமான பகுதியில்) மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) போய்விடும். குத்துவிளக்குச் சுடர், வெள்ளை வேட்டி எல்லாம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். டிரைபாடில் வைத்து, வெளிச்சம் போதும் என்றால் 100-தான் ராஜா.

பதில் 3:
நான் கேனான் 5டி மார்க் III வைத்திருந்தவன், அங்கே கதை வேறு. அதில் சிக்னல் சென்சாரை விட்டு வெளியே வந்த பிறகுதான் டிஜிட்டலாக மாறும், அந்தக் கட்டத்தில்தான் நாய்ஸ் அதிகம் சேரும். அதனால் 100-இல் எடுத்து நிழலைத் தூக்கினால் கோடு கோடாக வரும், முதலிலேயே ஐஎஸ்ஓ-வை ஏற்றி எடுத்தால் நிழல் தேவலை. கேமரா சென்சார்களைச் சோதிக்கும் டிஎக்ஸ்ஓமார்க் தளத்தின் அளவில் அதன் டைனமிக் ரேஞ்ச் 11.7 ஸ்டாப், அதே 2012-இல் வந்த நிக்கான் டி800 14.4. ஆனால் ஐஎஸ்ஓ ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கி, 1600 பக்கம் போனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, குறைந்த ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் பார்த்து கேமரா வாங்காதீர்கள், நீங்கள் எந்த ஐஎஸ்ஓ-வில் எடுக்கிறீர்களோ அங்கே பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா எல்லோருக்கும். நேற்று ராத்திரி லென்ஸ் மூடியைப் போட்டு 320, 400, 500, 640 நான்கிலும் எடுத்து, ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். முதல் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, 640 மட்டும் கண்ணுக்கே தெரியும்படி சுத்தம். மண்டபத்து ஃபிரேமில் சுடரின் நடுப்பகுதி 400-லேயே வெளுத்துத்தான் இருக்கிறது, புடவைச் சரிகை 640-லும் தப்பிவிட்டது. அடுத்த முகூர்த்தத்துக்கு 400, 500 பக்கம் போகாமல் நேராக 640.