புதுப்பிப்பு: பாலைவன ஸ்பா, அல் மஹாவா கஸ்ர் அல் சராப்பா?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு, ஸ்பாவுக்காகவே போவதானால் துபாயின் அல் மஹா, அபுதாபியின் கஸ்ர் அல் சராப் ஆகிய இரு பாலைவன ரிசார்ட்டுகளில் எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். அதில் அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டது தவறு. துபாய் அல் மஹாவின் கட்டணத்தில் பெரும்பாலும் மூன்று வேளைச் சாப்பாடும் தினம் இரண்டு பாலைவன நடவடிக்கைகளும் அடக்கம். கஸ்ர் அல் சராப்பில் காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த விலையே முதலில் கண்ணில் படும். மீதியைக் கூட்டினால் வித்தியாசம் சுருங்கிவிடும். வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகையா என்றும் பாருங்கள்.

தூரம்: அல் மஹா துபாயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். கஸ்ர் அல் சராப், அபுதாபி விமான நிலையத்திலிருந்து சுமார் 2 மணி நேரம். ஏழு மணி நேரத்துக்கு மேல் பறந்த பிறகு அது சின்ன விஷயமல்ல. ஆனால் லிவா பாலைவனத்தின் உயர்ந்த மணல்மேடுகள் அங்கேதான்.

ஹம்மாம் (நீராவிக் குளியலும் தோல் தேய்ப்பும்) எடுப்பவர்கள் கவனிக்க: நீராவியில் தோல் இளகிய பிறகே கறுப்புச் சோப்பு, பிறகு சொரசொரப்பான கையுறைத் தேய்ப்பு. முந்தின நாள் ஷேவிங், வேக்சிங் செய்திருந்தாலோ வெயிலில் தோல் கன்றியிருந்தாலோ எரியும். அதனால் ஹம்மாமை முதல் நாளே முடித்துவிட்டு, மணல்மேட்டு நடைக்குப் பிறகு மசாஜ் வையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் நீராவி அறைக்குள் போக வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் உண்டென்றால் கஸ்ர் அல் சராப்தான். அல் மஹாவில் வயது வரம்பு உண்டு. தம்பதியர் மட்டும் என்றால் என் தேர்வு அல் மஹா: ஒவ்வொரு சூட்டுக்கும் தனி நீச்சல்குளம்.