உதவி தேவை: பழைய போலோ ஜி.டி. வாங்குகிறேன், டி.எஸ்.ஐ.யா டி.டி.ஐ.யா?

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு வண்டிகள் கைக்கெட்டும் விலையில் இருக்கின்றன.

முதலாவது 2016 ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். நெல்லை வண்ணாரப்பேட்டையில் முதல் உரிமையாளரிடமே இருக்கிறது. இரண்டாவது 2015 ஜி.டி. டி.டி.ஐ. 1.5 லிட்டர் டீசல், ஐந்து கியர் மேனுவல். ஒரு பழைய கார் வியாபாரியிடம் நிற்கிறது, விலையும் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் குதிரைத்திறன் 105 தான். ஆனால் இழுவிசை (டார்க்) பெட்ரோலில் 175 நியூட்டன் மீட்டர், டீசலில் 250.

என் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைக் கடந்து ஜங்ஷன் வரை போய்வர வேண்டும். வாரக்கடைசியில் அம்மா, அப்பாவைப் பார்க்கத் தென்காசி. எப்போதாவது மதுரை, நாகர்கோவில். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் வந்தாலே அதிகம்.

கியர் மாற்றி ஓட்டுவதில் எனக்குத் தனி ஆசை உண்டு. டி.எஸ்.ஐ.யில் கிளட்ச் பெடலே கிடையாது என்பது மனதை உறுத்துகிறது. ஆனாலும் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்க மனம் வரவில்லை. டி.எஸ்.ஜி. பழுதானால் செலவு தாங்காது என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். எதை எடுக்கலாம்?

வள்ளியூர் டீசல்:

தம்பி, யோசிக்காமல் டி.டி.ஐ. எடுங்கள். என்னிடம் இருப்பதும் அதுதான். நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போகும். அவற்றை முந்துவதற்கு நான்காவது கியரிலிருந்து இறங்கவே வேண்டாம். முள் நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தாண்டிய பிறகு காலை அழுத்திப் பாருங்கள், இருக்கை முதுகைத் தள்ளும். ஆட்டோமேட்டிக்கில் கியர் இறங்குமா இறங்காதா என்று காத்திருக்கும் வேலையே இல்லை. கையில் கியர், காலில் கிளட்ச், எல்லாம் நம் சொற்படி. நீங்கள் கேட்கும் சுகம் இதுதானே?

குறையையும் சொல்லிவிடுகிறேன். 1,800 சுற்றுக்குக் கீழே இந்த இன்ஜினில் உயிர் இல்லை. வேகத்தடையில் இரண்டாவது கியரில் ஏறி இறங்கினால் டர்போ விழிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது கால் வலிக்கும்.

ராதாபுரம் பையன்:

டீசல் வண்டிக்கு 10 ஆண்டுதான் ஆயுள் என்கிறார்களே, அண்ணன்? 2015 மாடல் என்றால் அதற்குள் முடிந்துவிடாதா?

வள்ளியூர் டீசல்:

அது டெல்லி தலைநகர வட்டாரத்துக்கான கட்டுப்பாடு, தம்பி. நம் ஊரில் சொந்த உபயோக வண்டிக்கு, பெட்ரோலோ டீசலோ, பதிவு 15 ஆண்டுகள். அதன்பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

தென்காசிச் சாரல்:

நான் டி.எஸ்.ஐ. கட்சி. 175 என்ற எண்ணைப் பார்த்துக் குறைத்து எடைபோட வேண்டாம். அந்த இழுவிசை 1,500 சுற்றிலேயே முழுதாக வந்துவிடும், 4,100 வரை குறையாமல் நிற்கும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். கியர் லிவரை 'எஸ்' (ஸ்போர்ட்) நிலையில் வைத்துவிட்டால் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போதே கியர் இறங்கியிருக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் தயாராக நிற்கும். மூக்கில் டீசல் இன்ஜினின் கனம் இல்லாததால் ஸ்டீயரிங் திருப்பியவுடன் வண்டி திரும்பும். கியரை நீங்களே மாற்ற நினைத்தால் லிவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு முன்னும் பின்னும் அசைத்து மாற்றிக்கொள்ளலாம். கிளட்ச் பெடலுக்கு அது ஈடாகாதுதான், ஆனால் வெறும் பொம்மையும் அல்ல.

ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் அடிபடும். இந்த வண்டி அந்தக் கலவைக்கென்று செய்யப்பட்டதும் அல்ல. பழைய ரப்பர் குழாய்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பட்டறை அண்ணாச்சி:

தம்பி, இரண்டு வண்டியிலும் கைவைத்து வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் டி.எஸ்.ஜி. பயம். அதற்குள் இரண்டு கிளட்ச் இருக்கின்றன. ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு. மற்றது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றது அடுத்த கியரைப் பிடித்துத் தயாராக நிற்கும், அதனால்தான் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது. இரண்டுமே உலர் கிளட்ச். சூட்டை இழுத்துப் போக எண்ணெய் கிடையாது. கேட் திறந்ததும் அடி அடியாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், தேயும். ஆகவே முன் வண்டியை ஒட்டி ஊர வேண்டாம். பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள், ஒரு வண்டி நீளம் இடம் விழுந்த பிறகு ஒரே நகர்வாகப் போங்கள். ஈரடுக்கு மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் மாட்டினால் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பயம் தீர்ந்தது.

இந்தக் கியர்பாக்ஸுக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. 2013 நவம்பரில் உலகமெங்கும் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, கியர்களுக்கு ஊற்றியிருந்த செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றினார்கள். உங்கள் வண்டி அதற்குப் பிந்தியது. ஆனாலும் மெக்கட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி போனால் செலவு பெரிது. அதனால் சோதிக்காமல் வாங்கக் கூடாது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நல்ல வெயிலில், நெரிசலில், அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று மாறும்போது நடுக்கம் இருக்கிறதா? ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் தயங்குகிறதா? டாஷ்போர்டில் கியர் எழுத்து மின்னுகிறதா? அந்தச் சூட்டோடு ஸ்கேனர் மாட்டி கிளட்ச் அளவுகளையும் பதிவான கோளாறுகளையும் படிக்க வேண்டும்.

அடுத்து டீசல். வள்ளியூர்க்காரர் சொன்ன இழுவை உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர். நீங்கள் தினமும் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவீர்கள். அப்படி ஓடும் டீசலில், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி படியும். நிறுத்தும்போது கடகடவென்று சத்தம் வந்தால் ஃபிளைவீல், அதாவது இன்ஜின் அதிர்வைத் தாங்கிச் சீராக்கும் கனத்த சக்கரம், வேலை வருகிறது என்று பொருள். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது கேளுங்கள். 2015 டிசம்பரில், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய மென்பொருள் விவகாரத்துக்காக இந்தியாவில் 3,23,700 டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா என்பதையும் சர்வீஸ் பதிவில் பாருங்கள்.

எரிபொருள் மிச்சத்தை நம்பி டீசலுக்குப் போக வேண்டாம். நிறுவனக் கணக்கு டி.எஸ்.ஐ.க்கு லிட்டருக்கு 17.2, டி.டி.ஐ.க்கு 20-ஐ ஒட்டி. உங்கள் 10,000 கிலோமீட்டருக்கு அது சுமார் 580 லிட்டருக்கும் 500 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம். நகரத்துக்குள் இடைவெளி கூடும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு ஃபிளைவீல் மாற்றினால் பல வருட மிச்சம் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கமும் தூத்துக்குடிப் பக்கமும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் போன வண்டல் போகாது. ஸ்டெப்னி குழி, இருக்கை போல்ட், கார்ப்பெட் அடி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

உங்கள் ஓட்டத்துக்கு என் வாக்கு டி.எஸ்.ஐ.க்குத்தான், சூட்டில் தேறினால் மட்டும்.

பாளையங்கோட்டைக்காரன்:

அண்ணாச்சி சொன்னபடி இரண்டையும் பார்த்துவிட்டேன்.

முதலில் டீசல். பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தது. பின்சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே போனேன். கடைசி ஒரு முழம் மட்டும் பழுப்பு நிறம். விரலால் தேய்த்தால் மாவு போல வண்டல் ஒட்டியது. முன்சீட்டுக்குக் கீழே போல்ட் தலைகளில் துரு. வியாபாரியிடம் கேட்டதற்கு மழையில் கண்ணாடி திறந்திருந்தது என்றார். மழைச் சாரல் பெல்ட் சுருளுக்குள் மண்ணைக் கொண்டுபோய் வைக்காது. வந்துவிட்டேன்.

அடுத்து டி.எஸ்.ஐ. உரிமையாளரையும் ஏற்றிக்கொண்டு மதிய வெயிலில் கேட், ஜங்ஷன், மேம்பாலம் என்று சுற்றிவிட்டு அப்படியே ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பதிவான கோளாறு இல்லை. கிளட்ச் அளவுகள் இரண்டும் வரம்புக்குள் இருக்கின்றன என்றார். நடுக்கம் இல்லை, ஏற்றத்தில் ரிவர்ஸும் தயங்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வள்ளியூர் டீசல்:

வெள்ளத்தில் நின்ற டி.டி.ஐ.யை நானும் வாங்கச் சொல்லமாட்டேன், தம்பி. அவசரம் இல்லையென்றால் இன்னொரு நல்ல டி.டி.ஐ. வரும்வரை பொறுத்திருக்கலாமே. நீங்கள் ஆசைப்பட்டது மேனுவல்.

பாளையங்கோட்டைக்காரன்:

அந்த ஆசை இன்னும் இருக்கிறது, அண்ணன். ஆனால் அது வாரத்தில் ஒருநாள் தென்காசிச் சாலையில் வரும் ஆசை. மற்ற நாளெல்லாம் கேட்டில்தான் நிற்கப் போகிறேன். அந்தத் தென்காசிச் சாலையிலும் டி.எஸ்.ஐ. எனக்குப் போதும் என்று மறுபடி ஓட்டியபோது உறுதியாகிவிட்டது.

பட்டறை அண்ணாச்சி:

நல்லது தம்பி. பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன் படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் தடையில்லாச் சான்றும் வேண்டும். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். வண்டி கைக்கு வந்ததும் இன்ஜின் ஆயிலையும் எல்லா ஃபில்டர்களையும் மாற்றிவிட்டு ஓட்டத் தொடங்குங்கள்.